ரப்பர் பொத்தான் புராணம்

1982இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கிளைவ் சின்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற குட்டிக் கறுப்புப் பெட்டியைச் சந்தையில் இறக்கினார். 48 கிலோபைட் நினைவகம், விலை 175 பவுண்டு. பொத்தான்கள் ரப்பர், அழுத்தினால் நேற்றைய இட்லியைக் குத்திப் பார்ப்பதுபோல இருக்கும்.

“வீட்டுப்பாடத்துக்கு உதவும்பா” என்றன பிரிட்டிஷ் பிள்ளைகள். “வரவு செலவுக் கணக்கும் இதிலேயே போட்டுக்கலாம்” என்றார்கள் அப்பாக்கள். இரு தரப்பும் மனமறிந்து சொன்ன இந்தப் பொய்களின் மேல்தான் ஒரு தேசத்தின் கேம் தொழிலே எழும்பியது. மறு ஆண்டே சின்க்ளேருக்கு ‘சர்’ பட்டம்!

விளையாட்டு கேசட்டில் வரும். டேப் ரெக்கார்டரை ஓடவிட்டால் பெட்டி கீச்சிட்டு அலறும், திரையோரம் வண்ணக் கோடுகள் நெளியும். சில நிமிடம் வீட்டில் ஒருவரும் அசையக் கூடாது. எல்லாம் முடியப்போகிற நேரத்தில் ‘டேப் லோடிங் எரர்’ என்று வரும். மறுபடி ரீவைண்ட். அந்த அலறலைத்தான் இன்று ஐம்பது கடந்தவர்கள் சங்கீதம் என்று உருகுகிறார்கள். அன்று அதே டேப் ரெக்கார்டருக்கு என்னென்ன அர்ச்சனை நடந்தது என்று அவர்களுடைய அம்மாக்களைத்தான் கேட்க வேண்டும்.

இந்தப் புராணத்தின் பாலமுருகன் மேத்யூ ஸ்மித். 1983இல் ‘மேனிக் மைனர்’ எழுதியபோது இன்னும் இருபதைத் தொடாத பையன். அதில் வந்த சுரங்கத் தொழிலாளி வில்லி, 1984இல் ‘ஜெட் செட் வில்லி’யில் பணக்காரனாகி மாளிகை வாங்கி, விருந்து வைக்கிறான். விருந்து முடிந்தது, இறைந்து கிடப்பதையெல்லாம் பொறுக்கும்வரை படுக்கையை நெருங்காதே என்று வீட்டுப் பணிப்பெண் மரியா மறிக்கிறாள். கொலைகார அரக்கர்களுக்கு நடுவே சுத்தம் செய்வதுதான் விளையாட்டு. சொந்த அறையைப் பெருக்காத பயல்கள் இதற்குக் காசு கொடுத்தார்கள்.

திருட்டு நகலைத் தடுக்க கேசட்டோடு ஒரு வண்ணக் கட்ட அட்டை வரும். கேட்ட கட்டத்தின் நிறத்தைச் சொன்னால்தான் ஆட்டம் தொடங்கும். ஊரில் கலர் ஜெராக்ஸ் ஏது என்ற தைரியம். பயல்களிடம் கலர் பென்சில் இருந்ததை யாரும் யோசிக்கவில்லை.

அதைவிடப் பெரிய கூத்து மாளிகையின் பரண். அந்த அறைக்குள் ஒருமுறை போய்விட்டால், அங்கே பறக்கும் அம்பு திரையையும் தாண்டி நினைவகத்தைத் துளைத்து, வேறு சில அறைகளின் தகவலைக் கெடுத்துவிடும். பிறகு அவற்றில் கால் வைத்தாலே சாவு. விளையாட்டை வெளியிட்ட நிறுவனம் கொஞ்சமும் கூசாமல், அங்கெல்லாம் விஷவாயு நிரம்பியிருக்கிறது, வேண்டுமென்றே வைத்ததுதான் என்றது. பாராட்ட வேண்டிய துணிச்சல்! பிறகு இறங்கிவந்து, நினைவகத்தில் இன்ன இடத்தில் இன்ன எண்ணைத் திணியுங்கள் என்று ‘போக்’ கட்டளைகளை வெளியிட்டது. கடைசியில் கணினிப் பாடம் நடந்தேவிட்டது.

முதலில் முடிப்பவருக்கு ஷாம்பெயினும் ஹெலிகாப்டர் சவாரியும் பரிசு என்று வேறு அறிவித்திருந்தார்கள். சேர்ந்து வென்ற இருவரும் பிழைகளுக்கான திருத்தங்களையும் சேர்த்தே நிறுவனத்திடம் கொடுத்தார்கள்.

இத்தனை பாடுபட்டு எல்லாவற்றையும் பொறுக்கி முடித்தால் மரியா வழிவிடுவாள். வில்லி படுக்கையைத் தொடுவான். தொட்டவுடன் ஓடிப்போய், கழிப்பறைக் கோப்பைக்குள் தலையை விடுவான். ஆட்டம் அவ்வளவுதான்.