விதைக்கு ஒரு விசாரணை

கே: எங்கள் ஊரில் ஒரு பெரியவர் விதையைக் கடித்துப் பார்த்தே காய்ந்ததா, காயாததா என்று சொல்லிவிடுவார். மரபணு மாற்றப்பட்ட விதையையும் அப்படிக் கண்டுபிடிக்க முடியாதா?
— பெரம்பலூர் வாசகர்

ப: ஈரம் பல்லுக்குத் தெரியும். மரபணு தெரியாது. காய்ப்புழுவைக் கொல்லும் மரபணு செருகிய பி.டி. பருத்தி விதை, தோற்றம், எடை, நிறம் எதிலும் தன்னைக் காட்டிக்கொள்ளாது. 2001இல் குஜராத்தில் காய்ப்புழு ஊரையே தின்றுகொண்டிருந்தபோது ‘நவபாரத் 151’ என்ற பருத்தி மட்டும் அலட்டிக்கொள்ளாமல் நின்றது. சந்தேகம் வந்து பரிசோதித்துப் பார்த்தால், உள்ளே கிரை1ஏசி என்ற பி.டி. மரபணு. பி.டி. பருத்திக்கு மத்திய அரசின் அனுமதி கிடைத்ததோ 2002 மார்ச்சில்! ஆக, முதல் துப்புக் கொடுத்தது புழுதான், எந்த அதிகாரியும் அல்ல.

கே: ஆய்வகத்தில் என்னதான் செய்வார்கள்? எனக்குப் புரிகிற மாதிரி சொல்லவும்.
— வாசகி, ஆத்தூர்

ப: இரண்டு பாதை. ஒன்று, மரபணு உண்டாக்கும் புரதத்தைத் தேடுவது. விதையை நசுக்கி, கரைசலில் கலக்கி, ஒரு பட்டையை நனைத்தால் சில நிமிடங்களில் கோடு விழும். வீட்டில் கர்ப்பப் பரிசோதனைக்குப் பயன்படும் பட்டையும் இதே தொழில்நுட்பம்தான். இங்கும் இரண்டாவது கோடு வந்தால் சிலருக்கு மகிழ்ச்சி, சிலருக்கு வயிற்றில் புளி.

இன்னொன்று டி.என்.ஏ.வையே தேடுவது. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்ட பிறகு செய்தார்களே, அதே பி.சி.ஆர். சுமார் 95 டிகிரியில் இழைகளைப் பிரித்து, சூட்டைக் குறைத்து, 72 டிகிரியில் நகல் எடுக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பு. 30 சுற்று முடிந்தால் ஒன்று, கணக்குப்படி, 107 கோடி ஆகும். 1983இல் இதைக் கண்டுபிடித்த கேரி முல்லிஸுக்கு 1993இல் நோபல் கொடுத்தார்கள்.

கே: கருவியே எல்லாவற்றையும் செய்துவிடுகிறது. ஊழியர்களுக்குப் பயிற்சி என்று அரசுப் பணத்தை ஏன் செலவழிக்க வேண்டும்?
— வாசகர், கோவை

ப: கருவி அவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருப்பதால்தான். ஒன்றை 107 கோடியாக்கும் அந்த இயந்திரத்துக்கு, அந்த ஒன்று விதையிலிருந்து வந்ததா, நேற்றைய மாதிரியின் தூசு உங்கள் சட்டைக் கையில் ஒட்டி வந்ததா என்று கேட்கத் தெரியாது. எது கிடைத்தாலும் பெருக்கிவிடும்.

அதனால் பயிற்சியின் முதல் பாடம் வேதியியல் அல்ல, நடமாட்டம். விதை அரைக்க ஒரு அறை, டி.என்.ஏ. பிரிக்க ஒரு அறை, கலவை தயாரிக்க ஒரு அறை, பெருக்க ஒரு அறை. கோட்டும் பிப்பெட்டும் அறைக்கு அறை தனி. முன்னால் போகலாம், அதே கோட்டோடு திரும்பி வரக்கூடாது. அரைக்கும்போது பறக்கும் மாவுதான் பெரிய வில்லன். ஒரு மாதிரிக்கும் அடுத்த மாதிரிக்கும் நடுவே ஜாரைக் கழற்றிக் கழுவ சோம்பல்பட்டவர், பிற்பாடு எவ்வளவு விலையுயர்ந்த கருவியில் உட்கார்ந்தாலும் பயனில்லை.

இரண்டாவது பாடம், முடிவைக் குப்பையில் போடும் துணிச்சல். ஒவ்வொரு முறையும் ஒரு குழாயில் விதையே இல்லாமல் வெறும் தண்ணீர் வைப்பார்கள். தண்ணீரில் பி.டி. இருப்பதாக வந்தால், அன்றைய வேலை முழுதும் போச்சு. மேலதிகாரி அறிக்கைக்காகக் காத்திருக்கும் மாலை நேரத்தில் இதைச் சொல்வதற்குப் படிப்பு மட்டும் போதாது.

நேர்மாறான தொல்லையும் உண்டு. பருத்தி விதையில் காஸிபால் முதலான சரக்குகள் ஏராளம். சரியாக நீக்காவிட்டால் நகலெடுக்கும் நொதியின் கழுத்தை நெரித்துவிடும். கோடே வராது. ‘மரபணு மாற்றம் இல்லை’ என்று எழுதிவிடத் தோன்றும். ஆகவே எந்தப் பருத்தியிலும் இருந்தே தீரவேண்டிய சொந்த மரபணு ஒன்றையும் சேர்த்துத் தேட வேண்டும். அதுவும் வரவில்லையென்றால் ‘இல்லை’ என்ற பதிலுக்குப் பொருளில்லை. பருத்தியில் பருத்தியையே காணோம் என்றால் கோளாறு விதையிலா இருக்கும்?

கே: காலிஃபிளவரிலும் மரபணு மாற்றம் கண்டுபிடித்தார்களாமே?
— வாசகி, ஓசூர்

ப: காலிஃபிளவர் நிரபராதியாக இருக்கலாம். மரபணு மாற்றுப் பயிர்கள் பலவற்றில், செருகிய மரபணுவை இயக்க ‘35-எஸ்’ என்ற விசையைப் பயன்படுத்துகிறார்கள். அது காலிஃபிளவரைத் தாக்கும் தேமல் வைரஸிடம் எடுத்த கடன். ஆகவே அந்த வைரஸ் பிடித்த காலிஃபிளவரோ முட்டைக்கோஸோ பரிசோதனைக்கு வந்தால் 35-எஸ் தாராளமாகக் கிடைக்கும். அதை மட்டும் வைத்து அறிக்கை எழுதக்கூடாது. வைரஸின் மற்ற மரபணுக்களும் கூடவே இருக்கின்றனவா என்று பார்த்தால் உண்மை வெளியே வரும்.

கே: ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். ஒரு விதையைச் சோதித்தால் போதாதா?
— வாசகர், தேனி

ப: பானையில் எல்லாச் சோறும் ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வெந்தது. மூட்டையில் இருக்கும் விதைகள் ஒரே செடியில் விளைந்தவை அல்ல. அங்கே பழமொழி வேலைக்கு ஆகாது, எண்ணிக்கைதான் ஆகும். 300 விதை சோதித்து ஒன்றிலும் இல்லையென்றால், கலப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். 0.1 சதவீதத்துக்கும் குறைவு என்று சொல்ல 3,000 விதை வேண்டும். பூஜ்யம் என்று சொல்ல? மொத்த விதையையும் அரைக்க வேண்டும். பிறகு விதைக்க ஒன்றும் இருக்காது.

இதிலும் மாதிரி எடுப்பவரின் கைதான் முக்கியம். மேலாக இருக்கும் மூட்டையில், வாய்க்குப் பக்கத்தில் மட்டும் குத்தூசியை விட்டு எடுத்த விதைக்கு எத்தனை லட்ச ரூபாய்க் கருவி வைத்தும் நியாயம் கிடைக்காது.

கே: பி.டி. பருத்திப் பொட்டலத்திலேயே பி.டி. அல்லாத விதை இருந்தது. கம்பெனி ஏமாற்றுகிறதா?
— விதைக் கடைக்காரர், விருதுநகர் மாவட்டம்

ப: உங்கள் கடையிலேயே விடை இருந்திருக்கும். 450 கிராம் பி.டி. விதையோடு, 120 கிராம் சாதா விதை தனிப் பொட்டலமாக வந்தது ஞாபகம் இருக்கிறதா? வயலைச் சுற்றி அதை விதைத்தால், நஞ்சுக்குப் பழகாத புழுக்களும் கொஞ்சம் பிழைத்திருக்கும். பழகிய புழு அவற்றோடு சேர்ந்தால் எதிர்ப்புச் சக்தி சீக்கிரம் பரவாது. ‘புழுவுக்கு நான் ஏன் படியளக்க வேண்டும்’ என்று பலர் அந்தப் பொட்டலத்தை விதைக்கவேயில்லை. குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு கிரை1ஏசியைத் தாங்கிவிட்டதை 2010இல் பி.டி. தொழில்நுட்பத்தை விற்ற மான்சான்டோ நிறுவனமே ஒப்புக்கொண்டது. பிறகு இரண்டையும் ஒரே பையில் கலந்து தரும் முறை வந்தது.

ஆய்வக ஊழியருக்கு இது நல்ல பரீட்சை. கலப்பு உண்டா என்று கேட்டால் விதைகளை மொத்தமாக அரைக்கலாம். எத்தனை சதவீதம் பி.டி. என்று கேட்டால் ஒவ்வொரு விதையாகத்தான் சோதிக்க வேண்டும். கேள்வியைக் கேட்காமலே ஜாரை எடுத்தவர் தோற்றார்.

கே: களைக்கொல்லி அடித்தாலும் சாகாத பருத்தி விதை ரகசியமாக விற்கிறதாமே?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர்

ப: விற்கிறது. அனுமதி கிடையாது. 2019 ஜூனில் மகாராஷ்டிர மாநிலம் அகோலா மாவட்டத்தில் விவசாயச் சங்கத்தினர் அதைப் பகிரங்கமாகவே விதைத்துப் போராடினார்கள். கிரை புரதத்தை மட்டும் தேடும் பட்டைக்கு இது சாதாரண பி.டி. பருத்தியாகவே தெரியும். களைக்கொல்லியைத் தாங்கும் புரதத்துக்குத் தனிப் பட்டை வேண்டும். சில சமயம் களைக்கொல்லியே துப்புக் கொடுத்துவிடும்: 2013இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஒரு விவசாயி, களைக்கொல்லி அடித்தும் சில கோதுமைச் செடிகள் சாகவில்லை என்று கவனித்தார். அனுமதியே இல்லாத மரபணு மாற்றுக் கோதுமை அப்படித்தான் அகப்பட்டது.

கே: 2025இல் அறிவித்த மரபணு திருத்திய நெல்லையும் இந்தச் சோதனை கண்டுபிடிக்குமா?
— மாணவி, தஞ்சாவூர்

ப: கண்டுபிடிக்காது. கமலா என்கிற டி.ஆர்.ஆர். தான் 100, பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1 இரண்டிலும் வெளி மரபணு கிடையாது. 35-எஸ்ஸைத் தேடினால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். டி.என்.ஏ.வில் எந்த இடத்தில் எந்த எழுத்தை மாற்றினார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் தேடவே முடியும்.

கே: என் மகள் விதைப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, இந்தப் பயிற்சிக்குப் போகிறாள். என்ன சொல்லி அனுப்ப?
— ஒரு தாய், திண்டுக்கல்

ப: ‘மரபணு மாற்றம் அற்றது’ என்று ஒருபோதும் எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். ‘கொடுத்த மாதிரியில், இத்தனை விதையில், இன்ன மரபணுவைத் தேடினோம், கிடைக்கவில்லை’ என்று எழுதட்டும். நீளமாக இருக்கும், மேலதிகாரி முகம் சுளிப்பார். கோர்ட்டில் கூண்டில் நிற்கும்போது அந்த நீளம்தான் காப்பாற்றும்.

கே: விவசாயி என்ன செய்ய?
— வாசகர், அரியலூர்

ப: பில் வாங்குங்கள். பொட்டலத்தைக் கிழிக்கும்போது லாட் எண்ணைக் கிழிக்காதீர்கள். ஒரு கைப்பிடி விதையை அதே பையில் போட்டு, அறுவடை முடியும்வரை ஈரம் படாமல் வையுங்கள். வயலில் ஏதாவது கோளாறென்றால் ஆய்வகம் முதலில் கேட்பது இந்த மூன்றையும்தான்.