செருகுநிரல் நீக்கியல்

செருகுநிரல் என்பது வினைத்தொகை. ஊறுகாய் என்ற சொல்லில் ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என முக்காலமும் மறைந்து நிற்பதுபோல, இதிலும் செருகிய நிரல், செருகுகின்ற நிரல், செருகும் நிரல் என மூன்று காலமும் அடங்கியுள்ளன. மைக்ரோசாஃப்ட் வேர்டின் மேல்பட்டையில் அழையாமல் வந்து உட்காரும் ஒரு பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது. அது என்றோ செருகப்பட்டது. இன்று வேர்டைத் திறக்கும்போதும் தன்னைச் செருகிக்கொள்கிறது. முறையாக நீக்காவிட்டால் நாளையும் செருகிக்கொள்ளும். செருகியவர் யார் என்று கேட்டால் வீட்டிலும் அலுவலகத்திலும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஆகவே இவ்வினைக்கு எழுவாய், தோன்றா எழுவாய்.

செருகுநிரல் என்பது கலைச்சொல் அகராதியின் வழக்கு. கணினி தெரிந்தவர் வழக்கு ஆட்-இன். அதனால் அவதிப்படுவோர் வழக்கு ‘மேலே புதுசா ஒண்ணு வந்திருக்கே, அது’.

இலக்கணம்

செருகுநிரல் இடைச்சொல்லின் இயல்புடையது. இடைச்சொல் தனித்து இயங்காது. பெயரையோ வினையையோ சார்ந்தே வரும். செருகுநிரலும் தானே திறந்து ஓடாது. வேர்டு திறந்தால் அதனுள் ஓடும். ஆய்வேட்டில் மேற்கோள்களை வரிசைப்படுத்தித் தரும் ஸோட்டெரோவின் செருகுநிரல் பொருள் தரும் இடைச்சொல்லுக்கு எடுத்துக்காட்டு. வேண்டாத செருகுநிரலோ அசைநிலை. இடத்தை அடைக்கும், பொருள் தராது. செய்யுளில் வரும் அசைநிலை ஓசையை நிறைக்கவாவது உதவும். வேர்டில் வருவது, திறக்கும் நேரத்தை நிறைக்க மட்டுமே உதவும்.

எது அசைநிலை என்பது ஆளைப் பொறுத்தது. முனைவர் பட்டத்துக்கு எழுதும் மகளின் ஸோட்டெரோ, அதே கணினியில் குடியிருப்போர் சங்கத்துக்குக் கடிதம் அடிக்கும் அப்பாவுக்கு அசைநிலை. பொதுக் கணினியில் நீக்குமுன் வீட்டாரைக் கேட்டுக்கொள்வது நீக்கியலின் முதல் விதி. மற்ற விதிகளை மீறினால் வேர்டு மட்டுமே கெடும்.

புணர்ச்சி நோக்கில் வேர்டு நிலைமொழி, செருகுநிரல் வருமொழி. விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். எழுத்துப் புணர்ச்சியில் இம்மூன்றில் எது வேண்டுமானாலும் வரலாம். வேர்டிலோ இந்த வரிசையில்தான் வரும்: முதலில் பட்டை தோன்றும், பிறகு வேலை திரியும், கடைசியில் செருகுநிரலைக் கெடுத்தாக வேண்டும். இலக்கணத்தில் கெடுதல் என்றால் மறைந்துபோதல் என்பதை நினைவிற்கொள்க.

தோன்றல்

செருகுநிரல் வேர்டுக்குள் நுழைய வாசல் நான்கு.

முதல் வாசல் விண்டோஸின் பதிவேடான ரெஜிஸ்ட்ரி. இதன் வழி வருபவை காம் ஆட்-இன் எனப்படும். ஆஃபீஸ் 2000 பதிப்பில் இவ்வகை அறிமுகமானது. பிடிஎஃப் செய்யும் மென்பொருளையோ வேறொன்றையோ நிறுவும்போது, கூடவே வேர்டுக்கென்று ஒரு கோப்பையும் வைத்து, ரெஜிஸ்ட்ரியில் பெயரையும் எழுதிவிடுவார்கள். நிறுவும்போது ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று அழுத்தியவரே மேலே தேடப்பட்ட தோன்றா எழுவாய். இவ்வகை நிரலுக்கு வேர்டு ஐந்து நிகழ்ச்சிகளை அறிவிக்கிறது: இணைப்பு, பிரிவு, உடன் இருக்கும் செருகுநிரல்களின் பட்டியல் மாற்றம், வேர்டு திறந்து முடிந்தமை, வேர்டு மூடப்போகின்றமை. பிரிவு என்பது அதற்குத் தெரிந்த செய்திதான். சொல்லாமல் பிரிவதுதான் அதன் வழக்கத்தில் இல்லை.

இரண்டாம் வாசல் வேர்டின் ஸ்டார்ட்அப் என்னும் கோப்புறை. டாட்எம் என்று முடியும் டெம்ப்ளேட் எதை இதில் போட்டாலும் வேர்டு திறக்கும்போதே ஏற்றிக்கொள்ளும். யார், எவர் என்று விசாரிக்காது. பாமினி எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்ற என்றைக்கோ நண்பர் பென் டிரைவில் கொடுத்த மேக்ரோ, பாமினியை மறந்து பல ஆண்டுகளுக்குப் பின்னும் பட்டையில் நிற்பது இதனால்தான்.

மூன்றாம் வாசல் இணையம். ஆஃபீஸ் 2013 முதல் வந்த இவ்வகை, கணினியைவிடப் பயனரின் கணக்கையே பற்றிக்கொள்ளும். இணையக் கடையிலிருந்து அதைச் சேர்த்த கணக்கில் வேறு கணினியில் நுழைந்தாலும் அங்கேயும் கூடவே வரும்.

நான்காம் வாசல், வேர்டின் கருவறையான நார்மல் டெம்ப்ளேட். புதிய ஆவணங்களுக்கு அடிப்படையான இதில் மேக்ரோ புகுந்தால், வந்தவர் வீட்டுக்காரராகிவிடுவார். 1995இல் கான்செப்ட், 1999இல் மெலிசா ஆகிய மேக்ரோ வைரஸ்கள் இவ்வழியே குடியேறின.

திரிதல்

வேர்டு தாமதமாகத் திறப்பது, சேமிக்கும்போது உறைவது, குறுக்குவிசை வேறு வேலையைச் செய்வது, மூடும்போதெல்லாம் நார்மல் டெம்ப்ளேட்டில் மாற்றம் நேர்ந்திருக்கிறது, சேமிக்கவா என்று கேட்பது ஆகியவை திரிபின் அறிகுறிகள். இவை செருகுநிரலால் வந்தவையா, கணினியின் முதுமையால் வந்தவையா என்று துணிய ஒரு சோதனை உண்டு. கண்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே வேர்டைத் திறந்தால், சேஃப் மோடில் திறக்கவா என்று கேட்கும். சரி என்றால் செருகுநிரல்கள் இல்லாமல் திறக்கும். அங்கே நோய் தீர்ந்திருந்தால் ஐயம் செருகுநிரல்மேல். அங்கும் தொடர்ந்தால் வேறு காரணத்தைத் தேடுக. குற்றமற்றதை நீக்குதல் நீக்கியலுக்குப் புறம்பு.

ஐயத்துக்குரியவை பல இருந்தால் பாதியை நிறுத்திப் பார்க்க வேண்டும். நோய் நின்றால் நிறுத்திய பாதியிலும், தொடர்ந்தால் மீதிப் பாதியிலும் குற்றவாளி இருக்கும். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்க வேண்டும். குற்றவாளி ஒன்றே எனில் எட்டுச் செருகுநிரல்களுக்கு மூன்று சோதனை போதும். எட்டையும் ஒரே மூச்சில் நீக்குவோர் நோயைத் தீர்ப்பர், காரணத்தை அறியார், அடுத்த மாதம் எட்டையும் மறுபடி நிறுவுவர்.

கெடுதல்

நீக்கத்தின் தலைமை விதி: வந்த வாசல் வழியே அனுப்புக. நீக்கத்தில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரு வாசலில் வந்ததை இன்னொரு வாசலில் தள்ளுவதால் வருபவை.

முதலில் திறந்திருக்கும் ஆவணங்களைச் சேமித்து, நார்மல் டெம்ப்ளேட்டுக்கு ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும். அடுத்து ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் என்று சென்றால் பட்டியல் தெரியும். இயங்குபவை, இயங்காதவை, முடக்கப்பட்டவை எனத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றும் எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதையும் அது காட்டும். பெயரையும் இடத்தையும் குறித்துக்கொள்வது நன்று. வாசல் எது என்பதை அந்த இடமே சொல்லிவிடும்.

காம் வகைக்கு, அதே பக்கத்தின் அடியில் மேனேஜ் என்ற இடத்தில் காம் ஆட்-இன்ஸைத் தேர்ந்து, ‘கோ’ பொத்தானை அழுத்த வேண்டும். வரும் பெட்டியில் நீக்கம் மூன்று படிகளில் நிகழும்.

டிக்கை எடுப்பது முதற்படி. இது வினையெச்சம், வினை முற்றுப்பெறவில்லை. ரெஜிஸ்ட்ரியில் அந்த நிரலின் ஏற்ற மதிப்பு 3இலிருந்து 2ஆக மாறுகிறது, அவ்வளவே. திறக்கும்போது வராது, வேண்டுமென்றால் டிக்கைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். ஒரு வாரம் இப்படியே வைத்து, யாரும் தேடவில்லை என்று உறுதி செய்துகொள்வது அறிவுடைமை.

ரிமூவ் பொத்தான் இரண்டாம் படி. ரேஷன் கார்டில் பெயரை அடிப்பது போன்றது இது. பெயர் போய்விடும், ஆள் வீட்டில்தான் இருப்பார். தாய் மென்பொருளைப் புதுப்பிக்கும்போது பெயர் மறுபடி ஏறிவிடக்கூடும்.

விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலுக்குச் சென்று, கொண்டுவந்த மென்பொருளையே அன்இன்ஸ்டால் செய்வது மூன்றாம் படி. இதுவே வினைமுற்று. தாய் மென்பொருள் வேண்டும், செருகுநிரல் மட்டும் வேண்டாம் என்போர், அதன் நிறுவியை மறுபடி திறந்து, மாற்றியமைக்கும் வசதி இருந்தால் அந்த ஒரு பகுதியை மட்டும் விலக்கலாம். இல்லையேல் முதற்படியோடு நின்றுகொள்வதே நலம்.

இம்மூன்றையும் விட்டு, கோப்பைக் கண்ட இடத்தில் டெலீட் செய்வோரும் உண்டு. ஆள் போய்விடுவார், கார்டில் பெயர் இருக்கும். வேர்டு அவரைத் தேடி, ஏற்றும்போது பிழை நேர்ந்தது என்று பட்டியலில் குறித்து வைக்கும்.

டிக்கை எடுக்க வேர்டு மறுத்தால், அந்நிரல் கணினியின் எல்லாப் பயனர்க்கும் பொதுவாகப் பதியப்பட்டது என்று பொருள். வேர்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து எடுக்க வேண்டும். அலுவலகக் கணினியாயின் அந்த உரிமை ஐ.டி. பிரிவினருடையது.

டெம்ப்ளேட் வகைக்கு ரெஜிஸ்ட்ரி வேண்டியதில்லை. வேர்டை மூடிவிட்டு, ஸ்டார்ட்அப் கோப்புறையிலிருந்து அக்கோப்பை டெஸ்க்டாப்புக்கு நகர்த்தினால் போதும். உடனே அழிக்காமல் நகர்த்துவது ஏன் எனில், பழைய பாமினிக் கோப்பு ஒன்றைத் திறக்க வேண்டிய நாள் மறுவாரமே வரக்கூடும். மேனேஜில் டெம்ப்ளேட்ஸைத் தேர்ந்தால் வரும் பெட்டியில் டிக்கை மட்டும் எடுத்தால், கோப்பு ஸ்டார்ட்அப்பில் இருக்கும்வரை அடுத்த முறை திறக்கும்போது திரும்ப வரும்.

இணைய வகையை, மேல்பட்டையின் ஆட்-இன்ஸ் பொத்தான் வழியே ‘மை ஆட்-இன்ஸ்’ பகுதிக்குச் சென்று, அதன் அருகிலுள்ள புள்ளிகளை அழுத்தி ரிமூவ் செய்ய வேண்டும். நார்மல் டெம்ப்ளேட்டில் புகுந்ததற்கு, வேர்டை மூடி அக்கோப்பின் பெயரை மாற்றினால், அடுத்த திறப்பில் வேர்டு புதியதொன்றைத் தானே படைத்துக்கொள்ளும். சேர்த்து வைத்த மேக்ரோக்களும் பாணிகளும் பழைய கோப்போடு தங்கிவிடும் என்பது இதற்குக் கொடுக்கும் விலை.

புறனடை

வேர்டு சிலவற்றைத் தானே முடக்குவதும் உண்டு. ஒரு செருகுநிரலால் வேர்டு நின்றுபோனால், அதை முடக்கப்பட்டவை பட்டியலில் சேர்க்கும். இது இடைநீக்கம், பணிநீக்கம் அன்று.

லிப்ரேஆஃபீஸில் டூல்ஸ் பட்டியலின் எக்ஸ்டென்ஷன் பகுதியிலும், கூகுள் டாக்ஸில் எக்ஸ்டென்ஷன்ஸ் பட்டியலின் ஆட்-ஆன்ஸ் பகுதியிலும் நீக்கலாம். பின்னதில், கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் முன்பு கொடுத்த அனுமதியையும் திரும்பப் பெற வேண்டும்.

செருகுநிரலை நீக்கித் தருவதாக வந்து தானும் ஒரு பட்டையாக உட்காரும் இலவச நிரல்கள், ஒன்றன் இடத்தில் இன்னொன்று வந்து நிற்பதால் போலி எனப்படும். இலக்கணப் போலியில் பொருள் மாறாது என்பர், இதிலும் மாறுவதில்லை.

இங்குச் சொல்லாத செருகுநிரல்களையும் சொன்னவற்றோடு ஒப்பிட்டு, வாசல் அறிந்து, டிக்கில் தொடங்கி நீக்கிக்கொள்க. நீக்கியபின் வேர்டு மூடித் திறக்கும்போது தோன்றலும் திரிதலும் இல்லையெனில், புணர்ச்சி இயல்பு.