பத்தியில் சொல்லப்படவில்லை

1913-ஆம் வருஷத்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையார், பிற தேசத்தவர்களின் ஆங்கிலப் புலமையை அளந்து பார்ப்பதற்கென்று முதன்முதலாக ஒரு பரீட்சையை ஏற்படுத்தினார்கள். எழுத்தும் பேச்சுமாகச் சேர்ந்து ஏறக்குறையப் பன்னிரண்டு மணி நேரம் பிடித்த அந்தப் பரீட்சையில், மொழிபெயர்ப்பு, இலக்கணம், ஒலியியல், வியாசம் முதலிய சகல அம்சங்களும் குறைவின்றி இடம்பெற்றிருந்தன, எழுத வந்தவர்கள் மூன்று பேர், தேறியவர் ஒருவருமில்லை. வேறு எந்த ஸ்தாபனமாக இருந்தாலும் இத்தகைய சுபாரம்பத்திற்குப் பிறகு கடையைக் கட்டியிருக்கும். கேம்பிரிட்ஜ்காரர்களோ, பரீட்சையின் தரம் நிரூபணமாகிவிட்டதென்று திருப்தியடைந்தவர்களைப் போல மேன்மேலும் நடத்திக்கொண்டே வந்து, இன்று அவர்களும் வேறு இரண்டு ஸ்தாபனத்தாரும் கூட்டாக நடத்துகிற ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் பரீட்சையின் ரூபத்தில், தென்பெண்ணைக்கும் கெடிலத்திற்கும் நடுவே கரும்பும் தானுமாக இருக்கிற எங்கள் நெல்லிக்குப்பத்தின் ஒரு திண்ணை வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

அந்தத் திண்ணை என் அக்காள் வீட்டுத் திண்ணை. அக்காளின் மகள் கடலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். அதே உத்தியோகத்தை இங்கிலாந்தில் பார்க்க வேண்டுமென்று அவளுக்கு ஆசை. நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்க்கத் தெரிந்தால் மட்டும் போதாது, ஆங்கிலப் பத்தியின் நாடியையும் பிடித்துப் பார்க்கத் தெரிய வேண்டும் என்பது அந்த நாட்டு நர்ஸுகள் கவுன்சிலின் நியதி. படித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7 பேண்டு வாங்க வேண்டும். எழுதுவதில் மட்டும் சற்றே மனமிரங்கி 6.5 போதுமென்று விட்டிருக்கிறார்கள். வருவாய்த் துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, பிறர் எழுதிய காகிதங்களைப் படித்தே வயதாகி ஓய்வு பெற்ற நான், படித்தல் என்ற பகுதிக்குத் துணையாக நியமிக்கப்பட்டேன். துணை என்றால், கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அறுபது நிமிஷம் ஆனதும் ‘போதும்’ என்று சொல்வது.

மூன்று பத்திகள், நாற்பது கேள்விகள், அறுபது நிமிஷம்: இதுதான் அந்தப் பகுதியின் சட்டதிட்டம். பத்தி என்றதும், பள்ளிக்கூடத்தில் நாம் படித்த பத்துவரிப் பத்தியை நினைத்துவிடக் கூடாது. மூன்றும் சேர்ந்தால் இரண்டாயிரம் சொற்களைச் சுலபமாகத் தாண்டும். அவற்றின் விஷயமோ, படிக்கிறவருக்கு அதில் பூர்வஞானம் எதுவும் இருந்துவிடக் கூடாதென்று தேடிப் பிடித்ததாக இருக்கும். கடலடியில் வாழும் ஒரு புழு, கண்ணாடி செய்த பழங்காலத்தார், ஆந்தையின் செவிப்புலன் என்று உலகத்தில் யாரும் சம்பாஷணையில் எடுக்காத விஷயங்கள் அத்தனையும் அங்கே கூடியிருக்கும். பத்திகளுக்குத் தலைப்புப் பொருத்துகிற கேள்வி ஒன்று உண்டு. பத்திகளைவிடத் தலைப்புகள் அதிகமாக இருக்கும் என்பதைத் தவிர அதில் சொல்ல ஒன்றுமில்லை. ‘இரண்டு சொற்களுக்கு மேற்படாமல் விடை எழுதுக’ என்று ஒரு வகை உண்டு. மூன்றாவது சொல்லை எழுதிவிட்டால் முதல் இரண்டு சொற்களும் செல்லாமற் போய்விடும். எங்கள் தெருவில் ‘சாப்பிட்டாயிற்றா?’ என்ற கேள்விக்கே இரண்டு சொற்களில் பதில் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை.

ஆனால் இவையெல்லாம் சில்லறை. பரீட்சையின் ஜீவன் வேறோரிடத்தில் இருக்கிறது. ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, அது பத்தியோடு ஒத்துப் போனால் ‘ட்ரூ’ என்றும், பத்திக்கு விரோதமாக இருந்தால் ‘ஃபால்ஸ்’ என்றும், பத்தி அதைப் பற்றி வாயே திறக்காமல் இருந்தால் ‘நாட் கிவன்’ என்றும் எழுதச் சொல்கிறார்கள். சரி, தவறு என்ற இரண்டையும் ஆதிகாலத்திலிருந்தே நாம் அறிவோம். மூன்றாவதாக வந்திருக்கிற இந்தச் ‘சொல்லப்படவில்லை’ என்பதுதான், பார்ப்பதற்குப் பரமசாதுவாகவும் பழகும்போது பரமதுஷ்டனாகவும் இருந்து, வீட்டுக்கு வீடு மதிப்பெண்களைத் தின்றுகொண்டிருக்கிறது. ஒன்றைப் பற்றி நமக்குத் தெரிந்திருக்கலாம்; ஊருக்கே தெரிந்திருக்கலாம்; அதை எழுதிய ஆசிரியருக்கும் தெரிந்திருக்கலாம்; ஆனாலும் அந்தப் பத்தியில் அவர் அதை எழுதாத வரையில், நாமும் அதை அறியாதவர்களாக ஆகிவிட வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. ஏதும் அறியாதவனுக்கு இது எளிது. அறிந்தவன் தன் அறிவைத் திண்ணைக்கு வெளியே செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு வந்து உட்கார வேண்டியிருக்கிறது.

இந்தச் சங்கடத்தின் முழு சொரூபத்தையும் நாங்கள் தரிசித்தது, பயிற்சிப் புத்தகத்தில் சர்க்கரையின் சரித்திரத்தைப் பற்றிய ஒரு பத்தி வந்த மாலையில். அரவைப் பருவம், ரஸ்தாவில் கரும்பு டிராக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன, காற்றில் பாகின் வாசனை. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுப் பெரியவர், கையில் வெற்றிலைப் பையுடன் வந்து திண்ணையில் அமர்ந்தார். கரணை ஊன்றுவது முதல் கட்டைக் கரும்பு விடுவது வரை அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஆயுள் முழுவதும் கரும்போடு கழித்தவர். பத்தி சர்க்கரையைப் பற்றியது என்று கேள்விப்பட்டதும், மாணவியின் அனுமதியையோ என் அனுமதியையோ எதிர்பாராமல் பரீட்சைக்குள் பிரவேசித்துவிட்டார்.

வாக்கியம் இதுதான்: வெட்டிய கரும்பைத் தாமதமின்றி ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள், “சரின்னு போடு பாப்பா, இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றார் பெரியவர்.

“இல்ல தாத்தா, பத்தியில அதைப் பத்தி எதுவுமே இல்லை. நாட் கிவன்.”

“பத்தியில இல்லன்னா? வெட்டின கரும்பு ஒரு ராத்திரி வெயில்காலத்துல வழியில நின்னுபோச்சுன்னா எடை என்ன ஆவும்னு அந்தாளுக்குத் தெரியுமா? போன வருசம் அச்சு முறிஞ்சு நின்ன வண்டியில என்ன குறைஞ்சுதுன்னு நான் சொல்றேன், எழுதிக்க.”

“எழுதக் கூடாது தாத்தா. அவங்க சொன்னதுலேர்ந்துதான் எழுதணும்.”

“அவங்க சொல்லாம வுட்டது அவங்க தப்பு. அதுக்கு உனக்கு ஏன் மார்க்கு குறையணும்?”

விஞ்ஞானம் முழுவதும் பெரியவர் பக்கமே இருந்தது. வெட்டிய கணத்திலிருந்து கரும்பின் ஈரம் வற்றி எடை குறைவதும், சாற்றிலுள்ள சர்க்கரை சிதைந்து வேறு சர்க்கரைகளாகப் பிரிந்து ஆலைக்குப் பிரயோஜனமில்லாமற் போவதும் ரசாயன நூல்கள் ஒப்புக்கொண்ட உண்மை. அறுபது வருஷத்து அநுபவமும் ரசாயன சாஸ்திரமும் ஒன்று சேர்ந்து ‘சரி’ என்று சொன்ன ஒரு விஷயத்துக்கு, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்த விடை ‘நாட் கிவன்’. பெரியவர் அந்தப் பக்கத்தை வாங்கி, தமக்கு ஆங்கிலம் தெரியாது என்பதைச் சற்றும் பொருட்படுத்தாமல், வெகுநேரம் கோபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியூர்ப் பத்திகளால்தான் இந்த வம்பு என்று கருதி, மறுநாள் நானே உள்ளூர்ச் சரக்கில் ஒரு பத்தி தயாரித்தேன். தாமஸ் பாரி என்ற வெள்ளைக்காரர் 1788-இல் சென்னையில் வியாபாரம் தொடங்கினார்; அவர் பெயரால் வளர்ந்த கம்பெனி 1842-இல் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையை நிறுவியது: இவ்வளவுதான் பத்தி. இதன் கீழ், ‘நெல்லிக்குப்பம் ஆலையைத் தாமஸ் பாரி நேரில் வந்து திறந்து வைத்தார்’ என்று ஒரு வாக்கியம் எழுதி, சபையின் முன் வைத்தேன். பெரியவர் ‘சரி’ என்றார். அடுக்களையிலிருந்து அக்காள், “பேரே பாரி கம்பெனி, அவர் வராம யார் வருவா?” என்று ஆமோதித்தாள். மருமகள் மட்டும் ‘நாட் கிவன்’ என்றாள். உடனே நான் பத்தியில் இன்னொரு வரியைச் சேர்த்தேன்: தாமஸ் பாரி 1824-ஆம் வருஷம் பரங்கிப்பேட்டையில் வாந்திபேதி கண்டு காலமானார். “இப்ப ஃபால்ஸ்,” என்றாள் அவள், பென்சிலை எடுக்காமலே. ஆலை வருவதற்குப் பதினெட்டு வருஷம் முன்பே சிதம்பரத்திற்குப் பக்கத்தில் உயிரை விட்ட மனிதர், அந்தச் செய்தி பத்தியில் ஏறுகிற வரைக்கும் திறப்பு விழாவுக்கு வந்திருக்கவும் கூடும், வராமலிருந்திருக்கவும் கூடும். ஏறிய பிறகுதான் வரவே முடியாது. அவள் இதைத் துளி வருத்தமின்றிக் கிரகித்துக்கொண்டதைப் பார்த்தபோது, இங்கிலாந்துக்குப் போகிற யோக்கியதை அவளுக்கு வந்துவிட்டதென்று எனக்குப் பட்டது. பெரியவருக்குத்தான் சமாதானமாகவில்லை. “செத்தவங்க பேருல எத்தனை கட்டடம் திறக்கிறாங்க,” என்று முணுமுணுத்தார்.

சொல்லப்படாததன் மகிமையை எங்கள் ஜில்லாவுக்கு முதலில் போதித்தவர்கள் ஆங்கிலேயர்கள்தாம் என்பதை இவ்விடத்தில் சொல்லாமலிருக்க முடியவில்லை. கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினத்தில் இருக்கும் செயின்ட் டேவிட் கோட்டையை, 1690-இல், சென்னையின் கவர்னராக இருந்த எலிஹு யேல் காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். கோட்டையோடு, ஒரு பீரங்கியைச் சுட்டால் குண்டு போய் விழுகிற தூரம் வரையில் உள்ள நிலமும் கிரயத்தில் சேர்த்தி. ஆயுள் முழுவதும் பத்திரங்களில் நான்கெல்லை சரிபார்த்தே காலம் தள்ளிய எனக்கு, இந்தக் கிரயத்தை நினைத்தால் இன்றைக்கும் மயிர்க்கூச்செறிகிறது: கிழக்கே சமுத்திரம், மற்ற மூன்று பக்கமும் குண்டு! குண்டு விழும் தூரம் என்று சொல்லப்பட்டிருந்ததே தவிர, பீரங்கி எவ்வளவு பெரியது என்பது அந்த வாசகத்தில் சொல்லப்படவில்லை. விற்றவர்கள் என்ன அர்த்தம் பண்ணிக்கொண்டார்களோ, வாங்கியவர்கள் திசைக்கொன்றாகச் சுட்டுப் பார்த்து, கடலூர்ப் பட்டணமே உள்ளே அடங்கும்படியாக அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். அப்படி உள்ளே அடங்கிய கிராமங்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் வழங்கலாயிற்று. யேல் துரையின் பெயரால் அமெரிக்காவில் ஒரு சர்வகலாசாலையே இருக்கிறது. வாசகம் படிப்பதில் இவ்வளவு தேர்ந்த ஒருவர் பெயரைக் கல்வி ஸ்தாபனத்துக்கு வைத்தது பொருத்தம்தான்.

நம்மவர்களில் ஆங்கிலத்தில் அவர்களுக்கே பாடம் சொல்லக்கூடியவர்கள் இல்லாமலில்லை. வெள்ளி நாவினர் என்று புகழப்பட்ட வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார், 1935 முதல் 1940 வரை சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக வீற்றிருந்தார். அவரைப் பேசச் சொன்னால் ஒன்பது பேண்டும் கொடுத்து, மேற்கொண்டு கொடுக்கப் பத்தாவது இல்லையே என்று பரீட்சகர்கள் வருந்தியிருப்பார்கள். ஆனால் படித்தல் பகுதியில் அவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அறுபது நிமிஷத்தில் ஐம்பது நிமிஷத்தைப் பத்தியின் நடையைத் திருத்துவதிலேயே அவர் செலவிட்டிருப்பார்.

பரீட்சை நாள் வந்தது. மருமகள் சென்னைக்குப் போய் எழுதிவிட்டு, மறுநாள் ரயிலில் வந்து இறங்கினாள். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் பெரியவர் எழுந்து வந்துவிட்டார்.

“என்ன பாப்பா, பத்தியெல்லாம் என்ன வந்துச்சு?”

“அதை வெளியில சொல்லக் கூடாது தாத்தா. ரூல் அப்படி.”

“கரும்பைப் பத்தி வந்துச்சா, அதை மட்டும் சொல்லு.”

“வந்துச்சுன்னும் சொல்லக் கூடாது, வரலைன்னும் சொல்லக் கூடாது.”

பெரியவர் சிறிது நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, எல்லாம் விளங்கிவிட்டதற்கு அடையாளமாக ஒருமுறை தலையை அசைத்தார். ரீடிங்கில் 7.5 வந்திருப்பதாகத் தகவல் தெரிந்தபோது, பரீட்சையில் கரும்பு வந்ததும், வெட்டிய கரும்பை உடனே ஆலைக்குக் கொண்டுபோக வேண்டுமென்று தாம் சொல்லிக்கொடுத்ததை அவள் அப்படியே எழுதியதும், அதைக் கண்டு வெள்ளைக்காரன் அரை மார்க்கு கூடுதலாகவே போட்டதும், டீக்கடையிலிருந்து கரும்பு ஆபீஸ் வரைக்கும் ஊர் முழுவதற்கும் தெரிந்திருந்தன.