பௌர்ணமிக்கு ரூம் காலி இல்லை

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதைக்குக் கூப்பிடு தூரத்தில் சொந்த வீடு, மொட்டைமாடி ஏறினால் மலை, மாதம் பிறந்தால் பென்ஷன். இந்த மூன்றும் வாய்த்த மனிதர் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார். ஊருக்கு அவர் சார். உறவுக்கு மாமா, சித்தப்பா, பெரியப்பா. சாருக்கு இப்போதைய கவலை ஒன்றுதான்: டைம்ஷேர் வாங்கலாமா, வேண்டாமா?

வேலூர்த் துணிக்கடை ஒன்றில் தீபாவளிக்கு நிரப்பிப் போட்ட கூப்பனில் ஆரம்பித்தது வினை. “வாழ்த்துகள் சார், உங்க நம்பர் செலக்ட் ஆகியிருக்கு! மூணு பகல், ரெண்டு ராத்திரி தங்குறது ஃப்ரீ. மேடத்தோட வந்து வாங்கிக்கணும்.” மேடம் முக்கியம். தனியாக வருகிற ஆம்பளை, ‘வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேனே’ என்று நழுவிவிடுவார். இது அந்தத் தொழிலின் பாலபாடம்.

ஓட்டல் ஹாலில் ஏசி, தக்காளி சூப், மேஜைக்கு ஒரு டை கட்டிய பையன். இடையிடையே யாரோ ஒரு குடும்பம் சேர்ந்துவிட்டதாக மைக்கில் அறிவிப்பு, கைதட்டல். மூணாறு, குடகு, கோவா என்று படங்கள் ஓடி முடிந்ததும் பையன் ஃபாரத்தை நீட்டினான். சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்:

“வில்லங்கம் எத்தனை வருஷத்துக்குப் போட்டுத் தருவீங்க? பட்டா யார் பேர்ல இருக்கு?”

பையனின் பயிற்சியில் இந்தக் கேள்வி இல்லை. மேனேஜர் வந்தார். கேள்வி என்னவோ சரியான கேள்விதான். விடுமுறை ‘ஓனர்ஷிப்’ என்று பேச்சில் வந்தாலும், நம் நாட்டில் பெரும்பாலும் விற்கப்படுவது தங்கும் உரிமை மட்டுமே. பத்திரப் பதிவு கிடையாது, செங்கல்லில் பங்கு கிடையாது.

சரக்கு ஒன்றும் புதிதல்ல. ஐரோப்பாவில் 1960-களில், ஆல்ப்ஸ் மலை பனிச்சறுக்கு விடுதிகளில் முளைத்த யோசனை இது. ஓர் அறையை வருஷத்தின் வாரங்களாகக் கூறு போட்டு, ஆளுக்கு ஒரு வாரம் விற்பது. ஒருவருடைய வாரத்தை இன்னொரு ஊர் வாரத்தோடு மாற்றிக்கொள்ள ஆர்.சி.ஐ. என்ற அமைப்பு 1974-ல் அமெரிக்காவில் வந்தது. இந்தியாவில் இதை நடுத்தர வர்க்கத்தின் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தவர்கள் நம்மூர்க்காரர்கள். 1986-ல் தொடங்கிய ஸ்டெர்லிங்கும் சென்னைதான், 1996-ல் தொடங்கிய கிளப் மஹிந்திராவும் சென்னைதான். கிளப் மஹிந்திராவில் 25 வருஷம், வருஷத்துக்கு 7 நாள் என்பது பிரபலமான திட்டம். பருவங்களுக்குப் பர்ப்பிள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் உண்டு. பர்ப்பிள்காரருக்குப் பள்ளி லீவிலும் இடம் கிடைக்கும். நீலத்துக்கு, ஊரே போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும் காலம்.

அன்றிரவு வீட்டில் கணக்கு நடந்தது. பழைய டைரி, சிவப்பு மையில் அடிக்கோடு. உத்தேசமாக 5 லட்சம் ரூபாய், 25 வருஷம், மொத்தம் 175 இரவு: ஓர் இரவுக்கு 2,857 ரூபாய். பையன் காட்டிய கணக்கும் இதுவே, அவன் இதோடு நிறுத்திக்கொண்டான். சார் நிறுத்தவில்லை. வருஷாவருஷம் பராமரிப்புக் கட்டணம் என்று 20,000 கட்டினால் 7 இரவுக்குப் பங்கு மறுபடியும் 2,857! இரண்டுக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தால் இரவுக்கு 6,740-ஐத் தாண்டுகிறது. சாப்பாடு, போக்குவரத்து தனி. பராமரிப்புக் கட்டணம் வருஷத்துக்கு வருஷம் ஏறும் என்பதும் தனி.

பிறகு போஸ்ட் ஆபீஸ் ஞாபகம் வந்தது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் வட்டி 2023 ஏப்ரலில் 8.2 சதவீதமானது. 5 லட்சத்துக்கு வருஷம் 41,000. கட்டாமல் மிச்சமாகும் பராமரிப்புக் கட்டணம் வரியோடு 23,600. இரண்டையும் கூட்டி 7 இரவுக்குப் பிரித்தால், இரவுக்கு 9,200 ரூபாய் அறையிலேயே தங்கலாம். அசல் அசையாது. வட்டி எப்போதும் இப்படியே இருக்காது, அதற்கு வருமான வரியும் உண்டு என்று ஓரத்தில் குறித்து வைத்தார்; கணக்கில் நேர்மை தவறாத மனிதர்.

ஏப்ரல், மே லீவில் தவறாமல் வெளியூர் போகிற, பல மாதம் முன்கூட்டியே திட்டம் போடுகிற குடும்பத்துக்கு இது கட்டுப்படியாகலாம். சார் கடைசியாகத் தங்கல் போட்டு வந்த இடம் சாத்தனூர் அணை. அதுவும் சாயங்காலமே திரும்பிவிட்டார்.

விடை இவ்வளவு துல்லியமாகக் கிடைத்த பிறகும் அந்த வழவழப்பு ஃபாரம் பூஜை அலமாரியிலேயே இருக்கிறது. காரணம் பணமில்லை. சாரே ஒரு டைம்ஷேர் நடத்திக்கொண்டிருக்கிறார், சம்பளமில்லாமல்.

அவர் வீட்டின் பௌர்ணமிகள் எப்போதோ பங்கு பிரிக்கப்பட்டுவிட்டன. சித்ரா பௌர்ணமி சென்னை மச்சினர் குடும்பத்துக்கு. ஆடி, பெங்களூரு சம்பந்திக்கு. 2024 மே மாதம் சென்னை கடற்கரை – வேலூர் ரயிலைத் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். டிக்கெட் அப்போது 50 ரூபாய். அதிலிருந்து பங்குதாரர்கள் பெருகிவிட்டார்கள். கார்த்திகை தீபம் முழுப் பர்ப்பிள்: மலை உச்சியில் ஜோதி தெரியும் மொட்டைமாடியில், அன்று சாயங்காலம் 6 மணிக்குச் சாருக்கே நிற்க இடமிருக்காது. அக்னி நட்சத்திரத்துப் பகல்கள் மட்டும் நீலம். யாரும் கேட்பதில்லை.

வருகிறவர்கள் 14 கிலோமீட்டரையும் நடந்து முடித்து விடிகாலை மூன்று மணிக்குக் காலிங்பெல் அடிக்கிறார்கள். வாசலில் முப்பது செருப்பு. அடுப்பில் அண்டா, கால் வைத்துக்கொள்ள உப்புப் போட்ட வெந்நீர். தைலம் எங்கே, சார்ஜர் எங்கே, தலையணை ஒன்று குறைகிறதே என்று மூன்று திசையிலிருந்தும் குரல்கள். “சித்தப்பா, காபியில சர்க்கரை கம்மியா!” வீட்டம்மா ஏற்கெனவே டிகாஷன் இறக்கிக்கொண்டிருப்பார். பராமரிப்புக் கட்டணம் மொத்தமும் பென்ஷனில் பிடித்தம்.

யாரோ போட்ட காபியை, யாரோ விரித்த படுக்கையில் உட்கார்ந்து குடிக்க வேண்டும் என்ற ஆசை சாருக்கு அங்கேதான் முளைத்தது. ‘அந்த வாரம் நாங்க ஊர்ல இல்லையே, முன்னாடியே பணம் கட்டியாச்சு’ என்று சொல்லும் வாய்ப்புக்கு 5 லட்சம் அதிகமா என்று தராசில் வைத்துப் பார்க்கிறார். மற்ற பௌர்ணமிக்கு அது செல்லும். தீபத்தன்று அண்ணாமலையாரை விட்டுவிட்டுக் கோவாவில் உட்காருகிற ஆள் அவர் இல்லை. அது உறவினர்களுக்கும் தெரியும்.

மேனேஜர் வாரம் தவறாமல் போன் செய்கிறார். ஒவ்வொரு வாரமும் “இன்னிக்கே கையெழுத்துப் போட்டாத்தான் சார் இந்த விலை” என்கிறார். ஐரோப்பாவில் கையெழுத்துப் போட்டபின் 14 நாளுக்குள் மனம் மாறினால் விலகிக்கொள்ளலாம் என்று சட்டமே உண்டு. இங்கே டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஒப்பந்தத்தின் பொடி எழுத்துத்தான் பேசும். மிஞ்சினால் 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சொந்த மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பொடி எழுத்துக்காகச் சார் பூதக்கண்ணாடி வாங்கி வைத்திருக்கிறார்.

போன வாரம் அவர் ஒரு வரியில் நின்றுவிட்டார். தானே மேனேஜரைக் கூப்பிட்டார்.

“ஒரு ஸ்டூடியோ ரூம்ல எத்தனை பேர் தங்கலாம்?”

“அளவு இருக்கு சார். பெரியவங்க ரெண்டு பேர், சின்னப் பசங்க ரெண்டு பேர்.”

“அதுக்கு மேல யாராவது வந்துட்டா?”

“ரிசப்ஷன்லயே நிறுத்திடுவாங்க சார். சொந்தக்காரங்கன்னாலும் ரூல் ரூல்தான்.”

சார் அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மெம்பர்ஷிப்பை அப்புறம் பாத்துக்கலாம் தம்பி. அந்த ரூலை மட்டும் ஒரு போர்டுல எழுதித் தர முடியுமா? வர்ற பௌர்ணமிக்குள்ள வேணும்” என்றார்.