கோவலன் பிழைத்துவிட்டான்

திருவனந்தபுரம் ஆரியசாலைக்காரர்களுக்கு ஒரு நற்செய்தி. வருகிற மாசியில் ஆற்றுகால் பொங்காலைக்கு ரோட்டோரம் செங்கல் போட்டு இடம் பிடிக்க வேண்டாம். கண்ணகி கதை பாடும் தோற்றம்பாட்டில் பாண்டியன் வதைப்படும் கட்டம் பாடி முடிந்த பிறகுதானே கோயில் அடுப்பில் தீ ஏறுகிறது? அந்தக் கட்டத்தையே எடுத்துவிடலாம். கோவலனைக் கொஞ்சம் பிழைக்க வைத்தால் போதும். கண்ணகி சிலம்பை உடைக்க மாட்டாள். மதுரை எரியாது. நமக்கும் கண்ணெரிச்சல் மிச்சம்.

சிரிக்காதீர்கள், தனுஷுக்கு இது நடந்தாயிற்று. ஆனந்த் எல். ராய் இயக்கி 2013இல் வந்த 'ராஞ்ஜனா', தமிழில் 'அம்பிகாபதி'. நாயகன் குந்தன் கடைசியில் சாவான். 2025 ஆகஸ்ட் 1 அன்று ஈரோஸ் நிறுவனம் தமிழ்ப் பதிப்பை மறுபடி திரைக்குக் கொண்டுவந்தது, செயற்கை நுண்ணறிவு பிரசவித்த புது முடிவோடு. குந்தன் கண் விழித்து எழுந்து உட்கார்ந்துவிட்டான். படத்தின் ஆன்மாவையே உருவிவிட்டார்கள் என்றார் தனுஷ். இயக்குநரும் கொதித்தார். உரிமை எங்களுடையது என்றது நிறுவனம். அம்பிகாபதி யார்? காதலித்த குற்றத்துக்குத் தலை போனவன் என்று ஊர் சொல்லும் கம்பர் மகன். அவன் பேரையும் போஸ்டரில் போட்டுக்கொண்டு, அவனுக்குச் சாகும் உரிமையையும் மறுத்திருக்கிறார்கள்! சாலைக் கடைத்தெருவில் விற்ற அரிசியைப் பன்னிரண்டு வருஷம் கழித்து வந்து மாற்றி வைத்தால் முதுகுத்தோல் உரிந்திருக்கும். கதை என்பதால் கேட்க நாதியில்லை.

ஈரோஸை மட்டும் திட்டி என்ன பயன்? நம் தெரு யோக்கியதையைப் பாருங்கள். போன மாதம் ஒரு பெரியவர் காலமானார். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. ஆனால் நடுராத்திரி எந்த வீட்டில் பிரசவ வலி கண்டாலும் ஆட்டோ பிடித்து வந்தது அவர்தான். அன்று காலை வாட்சப் குழுவில் இரங்கல் மழை. அத்தனையிலும் அவர் 'அன்பும் பண்பும் ஒருங்கே அமைந்த ஒளிவிளக்கு'. மனுஷன் கேட்டிருந்தால் அந்த விளக்கைப் பற்றி அச்சில் ஏறாத நாலு வார்த்தை சொல்லியிருப்பார். எதிர்வீட்டுக்காரர் செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கிய செய்தி இப்படி முடிந்தது: "மறைந்தவருடனான உங்கள் இனிய நினைவு ஒன்றை இங்கே சேர்க்கவும்." அதற்கும் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். படியிறங்கினால் பதினைந்து அடியில் சாவு வீடு. இவர் மூத்த மகள் பிறந்ததே அந்தப் பெரியவர் கூட்டிவந்த ஆட்டோவில்தான். சேர்ப்பதற்கு வேறு என்ன நினைவு வேண்டுமாம்?

இதே சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டு கதை எழுதினார் ஆ. மாதவன். 2021இல் காலமானார். அவருடைய 'நாயனம்' கதையில் பிணத்தை எடுக்காமல் நாயனக்காரனுக்காகக் காத்துக் கிடக்கிறார்கள். வந்தவனுக்கோ ஊதத் தெரியவில்லை. ஊர்வலமே நெளிகிறது. கடைசியில் பொறுக்க முடியாமல் ஒருவர் நாயனத்தைப் பிடுங்கி முறித்துப் போடுகிறார். முன்பெல்லாம் படிக்கும்போது முறித்தவர் பக்கம்தான் நான். இப்போது அந்த அரைகுறை நாயனக்காரன்மேல் மரியாதை வந்துவிட்டது. அபசுரமோ என்னவோ, சாவு வீட்டுக்குத் தன் காலால் நடந்து வந்தான், தன் மூச்சைச் செலவழித்து ஊதினான்.

எதிர்வீட்டுக்காரர் அன்று சாயங்காலம் என்னைப் பார்த்து, "செய்தி எப்படி, உருக்கமா இருந்துதா அண்ணாச்சி?" என்று கேட்டார். முறிப்பதற்கு நாயனம் எதுவும் அவர் கையில் இல்லை. என் போனை எடுத்து முழங்காலில் வைத்துப் பார்த்தேன். தவணை இன்னும் ஏழு மாதம் பாக்கி. பையில் போட்டுக்கொண்டேன்.