புளோரைடு மாகாத்மியம்

குவார்ட்ஸைட், அரிசோனா

அன்புள்ள சித்தப்பா அவர்களுக்கு அநேக நமஸ்காரம்.

இவ்விடம் நானும் தங்கள் மருமகளும் க்ஷேமம். ஒகேனக்கல்லில் தங்கள் க்ஷேமத்தையும், பரிசல் ஓடுகிறதா, வெள்ளமென்று நிறுத்திவிட்டார்களா என்பதையும் எழுதவும்.

காரின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப்போகும் டிரெய்லர் வீட்டில் இந்தக் குளிர்காலத்தைப் பாலைவனத்தில் கழிக்கிறோம். கட்டில், அடுப்பு, ஸ்நான அறை சகலமும் உண்டு. வாசலில் குழாய்தான் இல்லை. ஆகையால் கட்டிலுக்கடியில் 40 காலன், நம் கணக்கில் சுமார் 150 லிட்டர், கொள்ளும் தொட்டியை வைத்திருக்கிறார்கள். அதை நிரப்பினால் பாரம் 150 கிலோ கூடி, மேட்டில் கார் முனகுகிறது. தண்ணீர் பிடிக்க வெள்ளைக் குழாய் தனி, கழிவுத் தொட்டியை அலம்புகிற குழாய் தனி. ஒன்றன்மேல் ஒன்று பட்டுவிட்டால் தங்கள் மருமகள் செய்யும் ஆரவாரம், பாட்டி மடிப் புடவை உலர்த்திய கொடிப் பக்கம் நாங்கள் விளையாடப் போனபோது எழுந்த ஆரவாரத்துக்குச் சற்றும் குறைந்ததன்று. பருவத் தொடக்கத்தில், 15 காலனுக்குக் கால் கப் வீதம் துணி வெளுக்கும் பிளீச்சை ஊற்றி, சில மணி நேரம் ஊறவிட்டு, வாடை போகும்வரை அலசிக் கொட்டவும் வேண்டும். அப்படியும் எஞ்சிய வாடையைப் போக்கக் கரி வடிகட்டி வாங்கப் போனேன்.

தர்மபுரி ஜில்லாக்காரன் வேறென்ன கேட்பான்? "இது புளோரைடை எடுக்குமா?" என்றேன். "எதற்கு எடுக்கவேண்டும்? பல்லுக்கு நல்லதென்று ஊர் ஊராகக் காசு செலவழித்தல்லவா கலக்குகிறார்கள்!" என்றார் கடைக்காரர். விசாரித்ததில் வாஸ்தவந்தான், 1945-இல் மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் ஆரம்பித்த வழக்கம், லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் இப்போது சிபாரிசு. நம் பக்கத்திலோ, பாறைக்கடியிலிருந்து வரும் போர்த் தண்ணீரில் எல்லையான 1.5-ஐயும் பல கிராமங்களில் தாண்டி, பகவான் இலவசமாகவே வாரி வழங்கியிருக்கிறார். அந்த அனுக்கிரகத்தால் பல் பழுப்பேறி முதுகு விறைத்துப்போன ஜனங்களுக்காகத்தான் ஜப்பானியக் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாய்த் திட்டம் போட்டு, 2013-இல் ஒகேனக்கல் காவிரியைக் குழாயேற்றினார்கள் என்று அவருக்கு விஸ்தாரமாக உபந்யாசம் செய்தேன். அத்தாட்சியாக என் முன்பற்களின் பழுப்புக் கோடுகளையும் காட்டினேன். காப்பியின் கைங்கரியம் என்று எண்ணினார் போலும். பல் வெளுக்கும் பசை ஒன்றை எடுத்து நீட்டினார்.

புளோரைடைக் கரி பிடிக்காது; ஆர்.ஓ. பிடிக்கும். ஆனால் ஒரு குடம் கொடுப்பதற்குள் இரண்டு மூன்று குடத்தைச் சாக்கடைக்குத் தாரை வார்க்கும் அந்த ஔதாரியம், 150 லிட்டரில் ஜீவிப்பவனுக்குக் கட்டாது. காய்ச்சினால் போய்விடும் என்பார் சித்தி. தண்ணீர் சுண்டச் சுண்டப் புளோரைடின் வீரியம் ஏறுமே தவிர இறங்காது.

மேற்கே கொலராடோ நதி ஓடுகிறது. அதை ஏழு மாநிலங்கள் 1922-இல் பங்கு போட்டுக்கொள்ள, இந்த அரிசோனா மட்டும் 1944 வரை அந்தப் பங்கீட்டை அங்கீகரிக்காமல் முரண்டு பிடித்ததாம். காவிரியின் அக்கரையில் கர்நாடகத்தைப் பார்த்தே வளர்ந்த எனக்கு இது கேட்டுப் பழகிய சங்கீதம்.

அந்தப் பசையைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பல்லில் தேய்க்க அவசரப்படவேண்டாம். குத்துவிளக்கில் சித்தி முதலில் பரீட்சித்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மகன்