க்வைட் குட்!

மான்செஸ்டர்

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். மழை பெய்கிறது, இந்த ஊரிலிருந்து எழுதும் கடிதத்தில் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வெரி, க்வைட், ராதர், டூ எல்லாவற்றுக்கும் எதிரே 'மிகவும்' என்று எழுதிப்போட்டு எங்களை உருப்போட வைத்தீர்களே, அந்த நோட்டு இருந்தால் வெந்நீர் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு நம் சுமதி சாம்பார் கொடுத்தாள். ஒரு ஸ்பூன் வாயில் வைத்துவிட்டு 'க்வைட் நைஸ்' என்றார் பாட்டி. இவளுக்குத் தலைகால் புரியவில்லை; மறுநாள் ஒரு வாளி கொண்டுபோய் வைத்தாள். அமெரிக்கர் சொல்லியிருந்தால் அது மெச்சல்தான். இங்கிலாந்துக்காரர் க்வைட்டில் அழுத்தி நைஸை விழுங்கினால் 'ஏதோ பரவாயில்லை' என்று அர்த்தம். அதே பாட்டி 'க்வைட் இம்பாசிபிள்' என்றால் முடியவே முடியாது! குட், நைஸ் மாதிரிக் கூடக்குறையச் சொல்லக்கூடிய சொல்லோடு சேர்ந்தால் க்வைட் பாதியாக்கும்; அதற்குமேல் போக இடமில்லாத சொல்லோடு சேர்ந்தால் முழுசாக்கும்.

இவர்கள் அடக்கி வாசிப்பது விளையாட்டில்லை. 1951-இல் கொரியாவின் இம்ஜின் ஆற்றங்கரையில் சீனப் படை நெருக்கியபோது, பிரிட்டிஷ் பிரிகேடியர் ப்ரோடி அமெரிக்கத் தளபதியிடம் நிலைமை 'அ பிட் ஸ்டிக்கி' என்றாராம். 'கொஞ்சம் சிக்கல்தானே, சமாளிப்பார்கள்' என்று அந்த அமெரிக்கர் விட்டுவிட்டதாகச் சொல்வார்கள். ப்ரோடியின் கீழிருந்த க்ளாஸ்டர்ஷயர் படையில் பெரும்பாலோர் மாண்டார்கள், அல்லது சிறைப்பட்டார்கள்.

நம் ஆட்கள் டூ போடுவதோ வேறு கூத்து. தென்காசிப் பையன் ஒருவன் வீட்டுக்காரரிடம் 'யுவர் ஹவுஸ் இஸ் டூ பியூட்டிஃபுல்' என்றான். மனிதர் அசையாமல் நிற்கிறார். டூ என்றால் அளவுக்கு மிஞ்சியது. அதனால் என்ன கேடு வந்தது என்று இவன் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறார். வெரி என்று சொல்லித் தொலைத்திருக்கலாம்.

'ஆஃபுலி நைஸ்', 'டெரிப்ளி கைண்ட்' எல்லாம் நம்மூர் 'பயங்கர அழகு' ரகம், பயப்பட ஒன்றுமில்லை. இந்த ஊர் இளசுகள் 'டெட் குட்' என்கிறார்கள். பிரமாதம் என்று அர்த்தம், சாவு கீவு ஒன்றும் கிடையாது.

அடுத்த வாரம் ஆபீஸில் வருடாந்திர மதிப்பீடு. மேலாளர் 'நாட் பேட் அட் ஆல்' என்றால் சம்பளம் ஏறும். 'க்வைட் குட்' என்றால் ஏறாது. 'வெரி இன்ட்ரஸ்டிங்' என்றுவிட்டால் ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுகிறேன்; மாடி அறையை ஒழித்து வையுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம்.

உங்கள் மருமகன்